நகுலேஸ்வரி உருக்கிய காப்பு

லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் நகுலேஸ்வரியைத் தெரியாத தமிழ்ச்சனம் குறைவு. அறுந்த சங்கிலி, கழன்ற கொக்கி, கல் விழுந்த தோடு, விரலை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற மோதிரம், எதுவானாலும் "நகுலாக்காட்டக் குடுங்கோ" என்பார்கள். இல்ஃபோர்ட்டில் றொஷானி என்ற பெண் நடத்தும் நகைக்கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. அதன்மேல் ஒரு விளக்கு, பூதக்கண்ணாடி, குறடுகள், காஸ் சுவாலை. காலையில் போய் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிட எழும்புவதோடு சரி.

நகை செய்கிற பத்தர் குடும்பத்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். தகப்பன் அளவெட்டியில் சைக்கிள் திருத்தினவர். அவள் ஒட்டுவேலை பழகியது டென்மார்க்கில், காது கேளாதவர்கள் மாட்டுகிற கருவி செய்யும் ஒரு தொழிற்சாலையில். சண்டைக்குத் தப்பி அகதியாகப் போய் இறங்கியவளுக்கு அங்கே கிடைத்த முதல் வேலை அது. தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து வருடக்கணக்காக ஒட்டினாள். பிறகு புருசன் சந்திரகுமாரோடும் மகன் நிரூபனோடும் லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு கலியாணவீட்டில் யாருடையதோ பதக்கச் சங்கிலி அறுந்து விழ, அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதென்ன பெரிய வேலையே?" என்று கேட்டாள். அந்த வாயால் பிடித்ததுதான் இந்தத் தொழில்.

கைராசி நல்லது. குறை ஒன்றே ஒன்று, அந்தக் கை சும்மா இருக்காது. கொடுத்த சாமானைக் கொடுத்தபடி திருப்பிக் கொடுத்த சரித்திரம் அவளிடம் கிடையாது. கொக்கி மாற்றக் கொடுத்த சங்கிலி, கொக்கியும் மாறி, நீளமும் குறைந்து, புளித் தண்ணீரில் குளித்து, பளபளவென்று வந்து நிற்கும். "உங்கட கழுத்துக்கு அந்த நீளம் எடுப்பா இல்லை தங்கச்சி, அதுதான் ரண்டு வளையம் கழட்டினனான்" என்பாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முக்கால்வாசிப் பேர் சந்தோசமாகத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சந்தோசம்தான் அவளைக் கெடுத்தது. வீட்டிலும் இதே கதை. சந்திரகுமார் ஆசையாக இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒருநாள் தலையணை உறையாகி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் அசந்தா என்னையும் உருக்கி வேற ஆரையாவது செய்துபோடுவாள்" என்று அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

உருக்குவது அவளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் பழைய நகை என்று ஒன்று கிடையாது, இன்னும் உருக்காத நகை என்றுதான் உண்டு. கலியாணத்துக்குப் போட்ட அட்டியல் பிள்ளை பிறக்கும்போது காப்பாகும், காப்பு அந்தப் பிள்ளை பெரியபிள்ளையாகும் சாமத்தியவீட்டுக்குச் சங்கிலியாகும். அம்மாவின் பவுண் மகளின் கழுத்தில் எந்த உருவத்தில் இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. பவுண் இருந்தால் சரி. நகுலேஸ்வரியின் தாலிக்கொடியே நாலு தரம் நெருப்புப் பார்த்தது.

நிரூபன் பிசியோதெரபி படித்து ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே எக்ஸ்ரே பகுதியில் வேலை செய்யும் ஷாண்டீன் என்ற பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றான். அமெரிக்கப் பெண் என்றதும் நகுலேஸ்வரி ஒரு வெள்ளைக்காரியை எதிர்பார்த்து, வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் கராஜுக்குக் கடத்தினாள். வந்தது எங்கள் சித்தி மகள் மாதிரி நிறமும் கறுத்த நீளக் கூந்தலுமாக ஒரு பெண். அரிசோனாப் பாலைநிலத்தில் பிறந்த, நவஹோ என்ற பூர்வகுடி இனத்தவள். அவர்கள் தங்களை 'தினே' என்று சொல்லிக்கொள்வார்கள் என்று நிரூபன் விளங்கப்படுத்தினான். அவள் கையால் சாப்பிட்டாள். மிளகாய்ச் சம்பலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். தாங்கள் எண்ணெயில் பொரிக்கிற ரொட்டியைப் பற்றிச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து செய்தும் காட்டினாள். அந்த ரொட்டியோடு நகுலேஸ்வரி அவளிடம் விழுந்துவிட்டாள். "சாண்டி, சாண்டி" என்று அவளைத் தன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தாள். பொம்பிளைப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்திருக்கிறாள் என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கும்.

ஒன்று மட்டும் அவள் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. ஷாண்டீனின் இடது கையில் கிடந்த வெள்ளிக் காப்பு. மணிக்கட்டை மூடுகிற அகலம், ஒரு பக்கம் திறந்த வாய், நல்ல பாரம். ஓரம் முழுக்கப் பிறையும் பூவுமாக அடித்த வேலைப்பாடு, நடுவில் புறா முட்டை அளவில் ஒரு நீலக் கல். வேலை நேரம் தவிரப் பிள்ளை அதைக் கழற்றியதில்லை. வேலைப்பாட்டின் பள்ளங்களெல்லாம் கறுத்துக் கிடந்தன. கல்லின் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடின. இதெல்லாம் போதாதென்று காப்பின் முதுகில் ஒரு வெடிப்பு வேறு. கறுத்த வெள்ளி, ரேகை விழுந்த கல், வெடித்த காப்பு. மணவறைக்குப் போகப்போகிற கையில் இந்த மூன்றும் இருந்தால் எந்தத் தமிழ்த் தாய்தான் பொறுப்பாள்?

கலியாணத்துக்குச் சில கிழமைகள் இருக்கும்போது ஷாண்டீன் தானாகவே காப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். கழற்றிய இடத்தில் தோல் வெளிறி ஒரு பட்டையாகத் தெரிந்தது.

"கல் ஆடுகிறது மாமி. விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இறுக்கித் தருவீர்களா? வெடிப்பையும் ஒருதரம் பாருங்கள்" என்றாள் ஆங்கிலத்தில். 'மாமி' மட்டும் தமிழ். "இது அப்பா தன் கையால் செய்தது. எனக்காகச் செய்தது."

அவளுடைய தகப்பன் வெள்ளி வேலைக்காரர் என்பதும், வருத்தமாய்ப் படுத்துக் காலமாகிவிட்டார் என்பதும் நகுலேஸ்வரிக்குத் தெரியும். "நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும் பிள்ளை, நான் வடிவாச் செய்து தாறன்" என்றாள். தன் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கடையில், ஒரு தோட்டுக்கும் ஒரு மூக்குத்திக்கும் இடையில், காப்பை விளக்குக்குக் கீழே வைத்தாள். கல்லைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டியிருந்த தகட்டை நெம்பி, கல்லை வெளியே எடுத்தாள். கிட்டப் பார்க்கக் கறுப்புக் கோடுகள் இன்னும் மோசமாகத் தெரிந்தன. பத்திரமாக ஒரு பஞ்சில் பொதிந்து வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை, இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். தகப்பன் இல்லாத பிள்ளை. தகப்பனின் வெள்ளி மணவறையில் இருக்கத்தான் வேண்டும், ஆனால் இந்தக் கோலத்தில் இருக்கக்கூடாது. வெள்ளிக்கு மணவறையில் என்ன இடம்? மெட்டி. மாப்பிள்ளை அம்மி மேலே பெண்ணின் காலைத் தூக்கி வைத்துப் பூட்டுகிற மெட்டி. பவுண் மேலுக்கு, வெள்ளி காலுக்கு. இதைவிடக் கௌரவம் வெள்ளிக்கு ஏது?

வெட்டினாள். துண்டு துண்டாக, உருக்குகிற மூசையில் போட்டாள். வெண்காரம் தூவிச் சுவாலையைப் பிடித்தாள். பிறையும் பூவும் சிவந்து, மழுங்கி, ஒன்றுக்குள் ஒன்று சரிந்து, கடைசியில் கண்ணாடிபோல ஒரு துளி உருண்டு நின்றது. "என்ன வெள்ளியப்பா!" என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கிழமைக்குள் இரண்டு மெட்டிகள் தயார். மிச்ச வெள்ளியை ஒரு கட்டியாக வார்த்துக் கல்லோடு சேர்த்து வைத்தாள். பிறகு வேண்டியதைச் செய்யலாமே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறியும் புட்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, சிவப்பு வெல்வெற் பெட்டியை ஷாண்டீனின் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள் நகுலேஸ்வரி. அவள் முகம் பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்த சின்னப் பெண்ணின் முகம்.

ஷாண்டீன் திறந்தாள். சிரித்தாள். "ஐயோ, எவ்வளவு அழகு! இது கால் விரலுக்கு, இல்லையா? நிரு சொல்லியிருக்கிறான்." ஒன்றை எடுத்து விரல் நுனியில் போட்டுப் பார்த்தாள். "நன்றி மாமி. என் காப்பும் முடிந்துவிட்டதா? கை வெறுமையாக இருப்பது என்னவோபோல இருக்கிறது."

"அதுதான் இது" என்றாள் நகுலேஸ்வரி.

"எது?"

"காப்பு. அதுதான் இது. உருக்கிச் செய்தனான்."

ஷாண்டீனின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. சொன்னது காதில் விழுந்து, அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று மனம் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் அது முகத்திலேயே நின்றது. பிறகு அவள் நிரூபனைப் பார்த்தாள். அம்மாவின் ஆங்கிலம் பிழை, இவன் சரியாகச் சொல்லுவான் என்று நினைத்திருக்க வேண்டும். நிரூபனின் முகத்தைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, சொல்லும் இல்லை. வயிற்றில் குத்து வாங்கியவன் வாயிலிருந்து வருகிற மூச்சு. மெட்டி விரலிலிருந்து கழன்று தரையில் விழுந்து, மேசைக்குக் கீழே உருண்டு போனது.

"அம்மா," என்றான் நிரூபன், "என்னம்மா செய்தனீங்கள்? என்னம்மா செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"ஏன், வெடிச்ச காப்புத்தானே தம்பி? மிச்சம் எல்லாம் கிடக்கு. கல்லும் கிடக்கு. ஒரு பொட்டு வெள்ளி வீணாக்கேல்லை."

"கல்லைத் தாருங்கள்" என்றாள் ஷாண்டீன். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. நகுலேஸ்வரி ஓடிப்போய்ப் பஞ்சுப் பொதியையும் வெள்ளிக் கட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஷாண்டீன் கல்லை மட்டும் எடுத்தாள். கட்டியை ஒரு பார்வை பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்க்கிற பார்வை. பிறகு சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் வாசலைத் திறந்துகொண்டு தெருவில் நடந்தாள். நிரூபன் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

சந்திரகுமார் கழுவ எடுத்துக்கொண்டுபோன புட்டுக் கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தார். "நீர் என்ன செய்தனீர் எண்டு உமக்கு விளங்குதோ?" என்றார்.

"வெள்ளிதானே!" என்று கத்தினாள் நகுலேஸ்வரி. "ஊரில இல்லாத வெள்ளியே!" கத்திக்கொண்டே குனிந்து, மேசைக்குக் கீழே உருண்டு போன மெட்டியைத் தேடினாள்.

மறுநாள் நிரூபன் தனியாக வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"அந்தக் கறுப்பு ஊத்தை இல்லையம்மா. அவளின்ர அப்பா வேணுமெண்டு கறுப்பாக்கினது. பள்ளம் கறுத்தாத்தான் அடிச்ச வேலை தெரியும். கல்லில ஓடின கோடு வெடிப்பில்லை. அது கல்லுப் பிறந்த பாறை. அந்தக் கோட்டைப் பாத்துத்தான் எந்தச் சுரங்கத்துக் கல்லெண்டு சொல்லுவினம், அதுக்குத்தான் மதிப்பு. வெடிப்பு, போட்டுக் கழட்ட வளைச்சு வளைச்சு வந்தது. ஒட்டினாச் சரி. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியிருப்பீங்கள்."

நகுலேஸ்வரி வெள்ளிக் கட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிறையும் பூவும் அடிக்கிற அச்சு இருக்கெல்லோ, அது கடையில வாங்கிறதில்லை. பழைய அரம், கார் ஸ்பிரிங், ஆணி, இதுகளைத் தீட்டித் தாங்களே செய்யிறது. ஒருத்தற்ற அச்சு மற்றவையிட்ட இராது. அவர் பேர் எழுதிறேல்லை. அந்த அச்சுத்தான் அவற்ற பேர்."

"அப்ப அந்த அச்செல்லாம் எங்க? ஆரிட்டயாவது இருக்குமே? நான் திருப்பி..."

"அவற்ற சாமானுகளை அவரோடையே வைச்சுப் புதைச்சாச்சு." அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நேற்று நீங்கள் வெள்ளிதானே எண்டு கத்தினது தெருவுக்குக் கேட்டதம்மா. அவளுக்குத் தமிழ் விளங்காது, நல்ல காலம். அவையளுக்கு வெள்ளிதான் பவுண்."

அவன் போன பிறகு நகுலேஸ்வரி குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். கை தன்பாட்டில் கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்தது. இதை ஒருத்தி கேளாமல் எடுத்து உருக்கி, வடிவாகக் கொலுசு செய்து, காலில் போடு என்று சிரித்துக்கொண்டு நீட்டினால்? "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டாள். பவுணைக் காலில் போட்டால் லட்சுமி போய்விடுவாள் என்று ஊரெல்லாம் புத்தி சொல்லுகிற வாய் அது. அந்தப் பெண்ணின் லட்சுமியைத் தன் கையாலேயே வெட்டி, நெருப்பில் போட்டு, கால் விரலுக்கு அளவெடுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்கு ஒரே பயம்தான். கலியாணம் நின்றுவிடும். மண்டபம் சொல்லியாச்சு, ஊர் முழுக்க அழைத்தாச்சு, அதெல்லாம் போகட்டும். அந்தப் பிள்ளை இனி இந்த வாசற்படி மிதிக்கமாட்டாள். கடையில் மூக்குத்தித் திருகாணி ஒன்றைக் கீழே போட்டு, தேடியெடுக்க மறந்து, றொஷானியிடம் பேச்சு வாங்கினாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் ரயிலேறி லூயிஷாமுக்குப் போனாள். நிரூபனும் ஷாண்டீனும் இருக்கிற பிளாட் அங்கே. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாதவள், எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் போனாள்.

ஷாண்டீன்தான் கதவைத் திறந்தாள். நகுலேஸ்வரி ரயிலில் பாடமாக்கி வந்த ஆங்கிலம் முழுக்க மறந்து போய்விட்டது. "பிள்ளை," என்றாள், "பிழை. என்னில பிழை." தமிழில்தான் சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஷாண்டீன் அவளை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். கல் ஜன்னல் ஓரத்தில் ஒரு சாசரில் இருந்தது.

"நீங்கள் கெட்டதாக நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும் மாமி," என்று மெதுவாக, நகுலேஸ்வரிக்கு விளங்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அதனால் எனக்குக் கோபப்படக்கூட இடமில்லை. கோபப்பட்டால் கொஞ்சம் இலேசாக இருக்கும். காலையில் எழும்பி இந்தக் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். இருக்காது. ஒவ்வொரு நாளும் புதிதாகத் திடுக்கிடுகிறேன்."

"கலியாணம்..." என்று தொடங்கினாள் நகுலேஸ்வரி.

"நடக்கும். நான் நிருவைக் கட்டுகிறேன். அது வேறு." கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மா வருகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

ஷாண்டீனின் அம்மா மெற்றில்டா, பொன்னுருக்கலுக்கு இரண்டு நாள் முந்தி லண்டன் வந்து சேர்ந்தார். வெறுங்கையைக் கண்டு கேட்டவரிடம், காப்பு மாமியிடம் இருக்கிறது என்று மட்டும் ஷாண்டீன் சொல்லியிருந்தாள். பொன்னுருக்கல் என்றால், தாலிக்கு வேண்டிய பவுணை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, இரண்டு பக்கத்துச் சொந்தமும் சுற்றி நின்று பார்க்க உருக்குகிற சடங்கு. பெண் அதற்கு வருவது வழக்கமில்லை. ஆனால் தாயைத் தனியே அனுப்ப ஏலாதென்று ஷாண்டீனும் வந்தாள். புகை அலாரம் கத்தாமலிருக்க அதற்குக் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியைக் கட்டிவிட்டிருந்தார் சந்திரகுமார். வட லண்டன் எட்மண்டனிலிருந்து பத்தர் சபாரத்தினம் சாமான் பெட்டியோடு வந்து கரி மூட்டிக்கொண்டிருந்தார். மெற்றில்டா வாசலில் நின்றபோது வீடு நிறைந்த பவுணெல்லாம் பேச்சை நிறுத்தியது. நரைத்த கூந்தலை இறுகக் கட்டிய, கட்டையான, நேரான ஒரு பெண்மணி. கழுத்தில் வெள்ளியும் நீலக்கல்லும் அடுக்கடுக்காக. இரண்டு கையிலும் கறுத்த பள்ளங்களுள்ள காப்புகள். மாமிமாரில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் "பவுண் ஒண்டும் இல்லையே" என்றாள். நகுலேஸ்வரி திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அந்த வாய் அதற்குப் பிறகு சாப்பிடத்தான் திறந்தது.

நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. நகுலேஸ்வரி மெற்றில்டாவைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளிக் கட்டியையும் இரண்டு மெட்டியையும் மேசையில் வைத்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒன்றும் மறைக்காமல், ஒரு சாட்டும் சொல்லாமல் சொன்னாள். காப்பு. உங்கள் மனிதர் செய்தது. நான் உருக்கிப்போட்டேன். கேட்கவில்லை.

மெற்றில்டா முதலில் அவளைப் பார்த்தார், பிறகு கட்டியைப் பார்த்தார். கை நீட்டினார், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார், திரும்ப நீட்டினார். கதிரை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே பின்னால் சரிந்து உட்கார்ந்தார். நகுலேஸ்வரி தண்ணீர் கொடுக்க, வாங்கவில்லை.

"எல்லாம் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஓம். எல்லாம். அரத்தூள்கூட."

மெற்றில்டா கட்டியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "அவர் இதற்கு அச்சு அடிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன்," என்றார். "அன்றைக்கு முழுக்க எங்கள் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தலையிடி. அவர் ஒரு அடிகூடத் தவறவிடவில்லை." பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். அது நகுலேஸ்வரிக்குச் சொன்னது இல்லை. அந்தச் சின்னக் குசினியில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள்.

வெளியே "நேரமாச்சு" என்று கூப்பிட்டார்கள். மெற்றில்டா கட்டியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். பவுண் உருகியது. சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உருகிய பவுணை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோனார்கள். எல்லாரும் தொட்டு வாழ்த்தினார்கள். தட்டு தன்னிடம் வந்தபோது நகுலேஸ்வரிக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஒரு சின்னப் பவுணுக்கு இத்தனை கண்கள், இத்தனை கைகள். அந்த மனிதரின் காப்பு உருகும்போது பக்கத்தில் யாரோ ஒருத்தியின் மூக்குத்தி மட்டும் கிடந்தது.

கரி இன்னும் கணகணவென்று இருந்தது. நகுலேஸ்வரியின் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு தட்டில் வெற்றிலை பரப்பி, வெள்ளிக் கட்டியையும் மெட்டிகளையும் அதில் வைத்து, சபை நடுவே வந்து ஷாண்டீனின் முன்னால் நின்றாள். சந்திரகுமார் தலையில் கை வைத்தார். நிரூபன் "அம்மா, வேண்டாம்" என்றான்.

"பிள்ளை," என்றாள். "நெருப்பு இருக்கு. சபாரத்தினம் அண்ணை இருக்கிறார். உம்மட அம்மா இருக்கிறா. எல்லாரும் பாக்க, இதைத் திருப்பி உருக்கி ஒரு காப்பு அடிச்சுத் தாறன். அந்தக் கல்லை அதில பதிச்சுத் தாறன். உருக்கட்டோ?"

நிரூபன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். மாமிமார் சிலருக்கு அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண் மாமியாரைக் கட்டிப்பிடிப்பாள், எல்லாரும் அழுது சிரித்துச் சாப்பிடப் போகலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஷாண்டீன் தாயைப் பார்த்தாள். தாய் தட்டிலிருந்த கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை மாமி," என்றாள் ஷாண்டீன்.

யாரோ இருமினார்கள்.

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்." அவள் தட்டிலிருந்து கட்டியை எடுத்துத் தாயின் கையில் கொடுத்தாள். மெட்டிகளைத் தட்டிலேயே விட்டாள். "கலியாணத்தன்று இந்தக் கையில் எனக்கு ஒன்றும் போடவேண்டாம். இதை வெறுமையாக விடுங்கள்."

நகுலேஸ்வரி தட்டோடு நின்றாள். பக்கத்தில் நின்ற சபாரத்தினம்தான் குனிந்து கரியில் தண்ணீர் தெளித்தார். புகை எழும்பியது.

சனமெல்லாம் போன பிறகு சந்திரகுமார் குசினியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். நகுலேஸ்வரி கதிரையில், மெற்றில்டா இருந்த அதே கதிரையில், கையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். மனைவி சும்மா இருப்பதைக் கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவர் கண்டதில்லை. அவருக்கு அதுவே பயமாக இருந்தது.

"அண்டைக்கே ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம் எல்லோ," என்றார். "உருக்கட்டோ எண்டு. ஒரு சொல்லு. கேட்டிருந்தா இவ்வளவும் வந்திராது."

"கேட்டிருந்தா வேண்டாமெண்டு சொல்லியிருப்பாள்" என்றாள் நகுலேஸ்வரி.

"அதுதானே சொல்லுறன்."

"இல்லை, உங்களுக்கு விளங்கேல்லை." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "வேண்டாமெண்டு சொல்லுவாள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேல்லை."